மாநிறத்துக்கு எத்தனை செகண்டு

"இது என் மக இல்ல தாயி" என்றாள் பூரணம்.

எஸ்தர் படத்தை வாங்கிப் பார்த்தாள். அவள் போட்ட பிரிண்டுதான். பின்பக்கம் அவள் பென்சிலில் எழுதிய நம்பர் இருந்தது.

"கோமதிதானே? போன வருசம் தை மாசம் எடுத்தது."

"பேரு அதுதான். ஆளு இவ இல்ல."

முன்னறையில் காமிராவைத் துடைத்துக்கொண்டிருந்த தேவசகாயம் தலையை நீட்டினான். எஸ்தரின் புருஷன்.

"யம்மா, நான்தானே எடுத்தேன். தலையை இப்படிச் சாய்ம்மான்னா அந்தப் பிள்ளை அப்படிச் சாய்க்கும். எனக்கு வேர்த்து ஊத்திருச்சு. மறக்குமா?"

"நீ எடுத்தது அவளைத்தான் தம்பி. வந்தது வேற ஆளு."

தேவசகாயம் பெண்டாட்டியைப் பார்த்தான்.

"அது உன் டிப்பார்ட்மெண்டு" என்றான். தலையை உள்ளே இழுத்துக்கொண்டான்.

அந்த ஸ்டூடியோவில் படம் பிடிப்பது அவன் வேலை. பிலிம் கழுவிப் பிரிண்டு போடுவது அவள் வேலை. கல்யாணமாகி வந்த மறுமாசம் இருட்டறைக்குள் போனவள். பதினோரு வருசம் ஆகிறது. ஊரில் பாதிப் பேர் முகம் அவளுக்குத் தெரியும். நெகட்டிவில் தெரியும். தெருவில் எதிரே வந்தால் தெரியாது.

கோமதியையும் அவள் நேரில் பார்த்ததில்லை.

"உக்காருங்க யம்மா."

பூரணம் உட்காரவில்லை. கையில் ஒரு குடை இருந்தது. கைப்பிடி உடைந்து, நூல் சுற்றியிருந்தது. பீடிக்குக் கட்டுகிற நூல்.

நின்றபடியே சொன்னாள்.

"மாப்பிள்ளை வீட்டுக்குக் குடுக்க எடுத்த படம். நான்தான் சொன்னேன், கொஞ்சம் வெளுப்பாப் போட்டுக் குடுங்கன்னு. எல்லாரும் சொல்றதுதானே. படம் போச்சு. பிடிச்சிருக்குன்னு எட்டுப் பேரு வேன்ல வந்தாங்க. கோமு காப்பித் தட்டோட வந்து நின்னா. மாப்பிள்ளையோட அத்தைக்காரி என்ன கேட்டா தெரியுமா?"

எஸ்தர் படத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

"'இது தங்கச்சியா? அந்தப் போட்டோப் பிள்ளையைக் கூப்பிடுங்க'ன்னா."

முன்னறையில் காமிரா துடைக்கிற சத்தம் நின்றுவிட்டது.

"காப்பியைக் குடிச்சுட்டுப் போயிட்டாங்க. கோமு தட்டைக் கழுவி வெச்சா. வெச்சுட்டுக் கேட்டா. 'ஏம்மா, என்னை எதுக்கு நிக்க வெச்ச? போட்டோவையே கட்டிக் குடுத்திருக்கலாம்ல?' சிரிச்சுக்கிட்டேதான் கேட்டா."

"இப்ப எங்க இருக்கா?"

"ஆடியில காய்ச்சல் வந்துச்சு. நாலு நாள்."

பூரணம் விரல் நாலைக் காட்டினாள். அதற்கு மேல் அவளுக்கு வரவில்லை.

குடைக் கைப்பிடியின் நூலை நிமிண்டிக்கொண்டே சொன்னாள்.

"வீட்டுல மூணு காப்பி இருக்கு. ஒண்ணுக்கு மாலை போட்டிருக்கேன். காலையில எந்திரிச்சா அதுல முழிக்கிறேன். நேத்து கண்ணை மூடி என் பிள்ளையை நினைச்சுப் பார்த்தேன் தாயி. இந்த மூஞ்சிதான் வருது. அவ மூஞ்சி வரமாட்டேங்குது. இன்னும் ரெண்டு மாசம் போனா எனக்கு இவதான் மக ஆயிருவா."

எஸ்தர் படத்தை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள்.

"இன்னொண்ணு போட்டுக் குடு. என் பிள்ளை மாதிரிப் போட்டுக் குடு."

"உங்க மக எவ்வளவு கறுப்பு?"

பூரணத்துக்குச் சுருக்கென்றது.

"கறுப்பெல்லாம் இல்ல. மாநிறம்."

"மாநிறம்னா எத்தனை செகண்டு?"

"என்னது?"

"எனக்கு நிறம் தெரியாது யம்மா. நேரம்தான் தெரியும். பேப்பர் மேல வெளிச்சம் விடுவேன். கொஞ்ச நேரம் விட்டா வெளுப்பு. கூடுதலா விட்டாக் கறுப்பு. மாநிறத்துக்கு எவ்வளவு விடணும்?"

"நீதான் தெரிஞ்ச பிள்ளை. நீ பார்த்துப் போடு."

"நான் அவளைப் பார்த்ததே இல்ல. பார்த்தது நீங்க."

"அதுக்கு?"

"நாளைக்கு வாங்க. நீங்களே போடுங்க."

*

மறுநாள் பூரணம் முந்தானையில் ஒன்றை முடிந்துகொண்டு வந்தாள். அவிழ்த்து எஸ்தர் கையில் வைத்தாள்.

ஒரு துண்டு கருப்பட்டி.

"ராத்திரி பூரா யோசிச்சேன். இந்த நிறம். இதே நிறம்தான்."

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். பெற்ற பிள்ளையைப் பற்றிக் கோள் சொல்லிவிட்டதுபோல இருந்தது அவளுக்கு.

எஸ்தர் அவளை இருட்டறைக்குள் கூட்டிப் போனாள். கதவைச் சாத்தினாள். கறுப்புத் திரையை இழுத்துவிட்டாள். சிவப்பு பல்பு மட்டும் எரிந்தது.

"இப்பக் கருப்பட்டியைப் பாருங்க."

பூரணம் பார்த்தாள். கருப்பட்டி சிவப்பாக இருந்தது. அவள் கை சிவப்பாக இருந்தது. எஸ்தரின் வெள்ளைச் சேலையும் சிவப்பாக இருந்தது.

"இங்க நிறம் கிடையாது" என்றாள் எஸ்தர்.

கருப்பட்டியில் ஒரு ஓரத்தைக் கடித்துக்கொண்டு மீதியைத் திருப்பிக் கொடுத்தாள்.

"ருசி இருக்கு."

பூரணத்துக்குச் சிரிப்பு வந்தது. வந்ததும் அடக்கிக்கொண்டாள். எட்டு மாசத்துக்குப் பிறகு வந்த சிரிப்பு.

மேசைமேல் உயரமாக ஒரு யந்திரம் நின்றது. நெகட்டிவை அதன் தலைக்குள் செருகிப் பல்பைப் போட்டால், படம் பெரிதாகிக் கீழே பலகையில் விழும். எஸ்தர் பழைய உறையிலிருந்து கோமதியின் நெகட்டிவை எடுத்துச் செருகினாள். பலகையில் இன்னும் பேப்பர் வைக்கவில்லை. பல்பைப் போட்டாள்.

பலகையில் ஒரு முகம் பளீரென்று விழுந்தது. தலைமுடி இன்னும் வெளுப்பு. வைத்திருந்த மல்லிகைப்பூ மட்டும் கரிக்கட்டைபோலக் கறுப்பு.

"இது யாரு?"

"கோமுதான்."

"இவ்வளவு வெளுப்பா?"

"நெகட்டிவ்ல எல்லாம் தலைகீழ் யம்மா. வெள்ளைப் பூ வெளிச்சத்தை அடைச்சுக்கும். உங்க மக முகம் அடைக்காது. வர்ற வெளிச்சத்தை எல்லாம் கீழே விட்டுரும். அது பேப்பர்ல இறங்கினாத்தான் அவ நிறம் வரும்."

பூரணம் பலகையைத் தொட்டாள். முகம் அவள் கைமேல் ஏறிக்கொண்டது.

"அப்ப அது ஏன் இறங்கல?"

எஸ்தர் தன் வலது கையை நீட்டினாள். விளக்குக்கும் பலகைக்கும் நடுவில் வைத்தாள். முகம் இருந்த இடத்தில் கை நிழல் விழுந்தது. கையை லேசாக ஆட்டினாள், ஓரம் தெரியாமல் இருக்க. தூளிப் பிள்ளையை ஆட்டுகிற மாதிரி இருந்தது.

"இப்படித்தான்" என்றாள்.

பூரணம் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் சொல்லித்தானே செஞ்ச."

"சொன்னது நீங்க. மறைச்சது இந்தக் கை."

எஸ்தர் கையை எடுத்துவிட்டாள்.

*

பேப்பரில் ஒரு துண்டு வெட்டிப் பலகையில் வைத்தாள். அட்டையால் மூடி, கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினாள். பிறகு துண்டை டெவலப்பர் தட்டில் போட்டாள். அந்தத் தண்ணீரில் கிடக்கும்போதுதான் படம் மேலே வரும்.

கன்னம் மட்டும் வந்தது. ஒரே கன்னத்தில் ஐந்து பட்டை. முதல் பட்டை சுண்ணாம்புபோல. ஐந்தாவது பட்டை அடுப்புக்கரி.

"நாலு செகண்டு, எட்டு, பன்னெண்டு, பதினாறு, இருபது. இதுல எது உங்க மக?"

பூரணம் விரலை நீட்டினாள். மூன்றாவது பட்டையில் தொடப்போன விரல் இரண்டாவதில் போய் நின்றது.

"இந்தச் சிவப்பு வெளிச்சத்துல ஒண்ணும் புரியல. வெளிய பார்த்துச் சொல்றேன்."

சொட்டச் சொட்ட அந்தத் துண்டை எடுத்துக்கொண்டாள். எஸ்தர் கூப்பிடுவதற்குள் திரையை விலக்கிக் கதவைத் திறந்து பின்முற்றத்துக்குப் போய்விட்டாள்.

பங்குனி வெயில்.

பூரணம் துண்டைத் தூக்கிப் பிடித்தாள். முதல் பட்டை சாம்பலானது. பிறகு இரண்டாவது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கன்னம் முழுவதும் ஊதாப் பிடித்து இருண்டுபோனது.

"ஐயோ!"

எஸ்தர் வந்து நின்றாள்.

"பாத்தியா? பாத்தியா தாயி? பிறந்ததுல இருந்து இதைத்தானே சொன்னேன். வெயில்ல நிக்காதடி, கறுத்துருவேன்னு. மார்கழிக் குளிருக்கு வெயில் காயக்கூட அவளை வாசல்ல விடமாட்டேன். எட்டாங்கிளாஸ் வரைக்கும் குடை இல்லாம அனுப்பினதில்ல. அவ பள்ளிக்கூடத்துல குடைக்கோமுன்னுதான் கூப்பிடுவாங்க. இப்பப் பாரு, படம்கூடக் கறுக்குது."

"ஹைப்போ பார்க்காத பேப்பர். அதான் கறுத்துச்சு."

"அது என்னது?"

"கடைசித் தட்டு. அதுல கிடந்து எந்திரிச்சாத்தான் படம் நிக்கும். நீங்க பாதியிலேயே தூக்கிட்டு ஓடிட்டீங்க."

பூரணம் கறுத்த துண்டைக் கசக்கவில்லை. மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

*

பிறகு அவள் கையாலேயே போடவிட்டாள் எஸ்தர்.

"இது சுவிச்சு. போட்டா வெளிச்சம் விழும். அணைச்சா நிக்கும். நான் பேசமாட்டேன்."

பூரணம் சுவிச்சைப் போட்டாள். முகம் பேப்பர்மேல் விழுந்தது. அவள் உதடு எண்ணியது. ஒண்ணு, ரெண்டு, மூணு. ஐந்து வந்ததும் விரல் சுவிச்சைத் தேடியது. எட்டில் அணைத்துவிட்டாள்.

வந்த முகம் வீட்டில் மாலையோடு தொங்குகிற முகம்.

இரண்டாவது பேப்பர். பத்தில் அணைத்தாள்.

"போதும். கறுத்துருவா" என்றாள் தனக்குத்தானே.

வந்தவள் யாரோ டவுன் பெண்.

மூன்றாவது பேப்பரில் சுவிச்சை அணைக்கக்கூட அவளுக்குப் பொறுமை இல்லை. இடது கை தானாகப் போய் முகத்துக்கு மேல் நின்றது. தெருவில் மகளோடு நடக்கும்போது வெயிலுக்குப் பிடிக்கிற மாதிரி.

கை நின்றதை அவளே பார்த்தாள்.

எடுக்க முயன்றாள். எடுக்க வரவில்லை.

எஸ்தர் பேசமாட்டேன் என்று சொல்லியிருந்தாள். பேசவில்லை.

கதவுக்கு அந்தப் பக்கம் தேவசகாயத்தின் குரல் கேட்டது.

"எஸ்தரு, பேப்பர் என்ன உங்க அப்பா வீட்டுச் சீதனமா? அந்தம்மா எத்தனை போட்டுருச்சு?"

"ஆமா, சீதனம்தான்" என்றாள் எஸ்தர். "போய்ச் சோத்தைத் தின்னுங்க."

பூரணம் முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னால முடியல தாயி. இருபத்தி மூணு வருசம் பிடிச்ச கை இது. கீழ இறங்கமாட்டேங்குது."

"நாளைக்கு வாங்க."

"நாளைக்கு மட்டும் இறங்கிருமா?"

எஸ்தர் சிவப்பு பல்பை அணைத்தாள்.

*

மூன்று நாள் பூரணம் வரவில்லை.

நான்காம் நாள் வந்தபோது கண் வீங்கியிருந்தது.

"மாலையைக் கழட்டிட்டேன். மூணு படத்தையும் பெட்டிக்குள்ள வெச்சுட்டேன். இப்ப வீட்டுல ஒரு மூஞ்சியும் இல்ல. அதுக்கு அந்தப் பொய்யே தேவலைன்னு இருக்கு."

எஸ்தர் நெகட்டிவைக் கண்ணாடிமேல் வைத்தாள். பஞ்சில் டர்பன்டைன் தொட்டுப் பூரணத்திடம் நீட்டினாள்.

"கன்னத்துல லேசாத் துடைங்க. அழுத்தாதீங்க."

"ஏன்? அழுக்கா?"

"அன்னைக்கு நான் பென்சில் வெச்சேன். ஒரு குழி இருந்துச்சு. மூடிட்டேன்."

பூரணத்தின் வாய் திறந்தபடி நின்றது.

"அம்மைத் தழும்பு" என்றாள். "அஞ்சு வயசுல சொறிஞ்சுட்டா. கையைக் கட்டிப் போட்டேன், அவுத்துக்கிட்டுச் சொறிஞ்சா. அது எனக்கு மறந்தே போச்சு தாயி. என் பிள்ளை கன்னத்துல குழி இருந்தது எனக்கே மறந்து போச்சு."

துடைத்தாள். பஞ்சில் சாம்பல் நிறமாக ஏதோ ஒட்டி வந்தது. பிள்ளைக்கு மூக்குச் சளி துடைக்கிற அளவுக்கு மெதுவாகத் துடைத்தாள்.

இருட்டறைக்குள் போனார்கள். நெகட்டிவைச் செருகிப் பேப்பரை வைத்ததும் பூரணம் சுவிச்சுப் பக்கம் நகர்ந்தாள்.

"சுவிச்சை நான் பார்த்துக்கறேன்" என்றாள் எஸ்தர். "நீங்க எண்ண வேண்டாம்."

"நீ எண்ணுவியா?"

"நானும் எண்ணமாட்டேன். கோமுவும் நீங்களும் பகல்ல உக்கார்ந்து என்ன செய்வீங்க?"

"என்ன செய்வோம். பீடி சுத்துவோம்."

"சுத்துங்க."

"இலை இல்ல, தூள் இல்ல. எதைச் சுத்த?"

"கை இருக்குல்ல."

பூரணம் தரையில் உட்கார்ந்தாள். காலை மடக்கினாள். மடியில் இலையும் தூளும் வைக்கிற சொளகு இல்லை. ஆனாலும் சொளகு இருக்கிற மாதிரி இரண்டு முழங்காலும் விரிந்தன.

"ஒரு பீடிதான்" என்றாள் எஸ்தர். "சுத்தி முடிச்சதும் சொல்லுங்க."

வெளிச்சம் விழுந்தது.

பூரணத்தின் இடது உள்ளங்கை விரிந்தது. வலது கை இல்லாத இலையை எடுத்து வைத்தது. இல்லாத தூளை நுனிவிரலில் கிள்ளிப் பரப்பியது. உருட்டியது. பீடித் தலையை மடக்கியது. நூலைச் சுற்றி இழுத்தது. இரண்டு கைக்கும் வேலை இருந்ததால் எந்தக் கையும் மேலே போகவில்லை.

"ஆச்சு."

வெளிச்சம் அணைந்தது.

பேப்பர் தட்டில் மிதந்தது. முகம் வந்தது. பூரணம் குனிந்து பார்த்தாள். எஸ்தர் அவளைப் பார்த்தாள்.

"கிட்ட வந்துட்டா" என்றாள் பூரணம். "ஆனா இது இல்ல."

"என்ன குறை?"

பூரணம் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது என் வேகம். ஒரு நாளைக்கு ஆயிரம் சுத்துற கை. அவ மெதுவு. நான் மூணு முடிக்கறதுக்குள்ள அவ ரெண்டு முடிப்பா. இழுத்து இழுத்துச் சுத்துவா. ஏட்டி, நீ பீடி சுத்துறியா, கோலம் போடுறியான்னு வைவேன். தினமும் வைவேன்."

"இப்ப யாரு கையால சுத்தணும்?"

பூரணம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தாள். இந்தத் தடவை நேராக உட்காரவில்லை. ஒரு பக்கமாகச் சாய்ந்து, சுவரில் தோளை வைத்து, ஒரு காலை நீட்டி உட்கார்ந்தாள். அப்படி உட்கார அவளுக்குப் பழக்கமில்லை என்பது தெரிந்தது. யாரோ உட்கார்ந்ததைப் பார்த்துப் பழகியவள்.

வெளிச்சம் விழுந்தது.

விரல் மெதுவாக இலையை எடுத்தது. காம்பைத் தடவிப் பார்த்தது. பூரணம் மகளிடம் சொல்லியிருக்கிறாள், தடவிப் பார்க்காதே, நேரம் போகும் என்று. தடவிப் பார்த்தது. தூளைப் பரப்பிவிட்டு ஒரு கணம் நின்றது. வாசல் பக்கம் தலை திரும்பியது. அங்கே கதவுதான் இருந்தது. இருட்டுதான் இருந்தது.

"வெயிலைப் பார்ப்பா" என்றாள் பூரணம். "ஒவ்வொரு பீடிக்கும் நடுவுல ஒரு தடவை வாசல்ல விழுற வெயிலைப் பார்ப்பா. அங்க என்னடி இருக்குன்னு கேப்பேன். ஒண்ணுமில்லம்மா, சும்மான்னு சொல்லுவா."

விரல் உருட்டியது. மடக்கியது. நூலைச் சுற்றியது.

சுற்றி முடித்தும் அவள் சொல்லவில்லை. எஸ்தர் காத்திருந்தாள்.

"ஆச்சு" என்றாள் பூரணம்.

*

பேப்பர் தட்டில் வெள்ளையாகக் கிடந்தது.

முதலில் முடி வந்தது. வகிடு வந்தது. பிறகு இரண்டு கண். பிறகு முகம் மங்கலாக, வெளுப்பாக, அந்த டவுன் பெண்ணின் முகமாக எழுந்தது. அங்கேயே நிற்கவில்லை. மேலும் கறுத்தது.

பூரணத்தின் கை தட்டின் விளிம்புக்குப் போனது. இப்போது எடுத்தால் வெளுப்பாக எடுத்துவிடலாம்.

எஸ்தர் தடுக்கவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

பூரணத்தின் விரல் தண்ணீரைத் தொட்டது. தொட்ட இடத்திலேயே நின்றது.

முகம் கறுத்தது. கன்னம் கறுத்தது. இடது கன்னத்தில், மூக்குக்குப் பக்கத்தில், மிளகு அளவுக்கு ஒரு குழி விழுந்தது. உதடு ஓரம் லேசாக இழுத்துக்கொண்டு, சிரிப்பை அடக்கின மாதிரி நின்றது. தேவசகாயம் தலையைச் சாய்க்கச் சொன்னபோது வந்த சிரிப்பாக இருக்கும்.

பூரணம் தண்ணீரிலிருந்து விரலை எடுத்தாள்.

பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"கறுப்புதான் தாயி. என் பிள்ளை நல்ல கறுப்பு."

எஸ்தர் படத்தை எடுத்தாள். அடுத்த தட்டில் நனைத்தாள். அதற்கடுத்த கடைசித் தட்டில் போட்டாள்.

"இதுதான் ஹைப்போவா?"

"இதுதான்."

"எவ்வளவு நேரம்?"

"பத்து நிமிசம். அப்புறம் ஒரு மணி நேரம் ஓடுற தண்ணியில கிடக்கணும். இன்னைக்கு ஓடிராதீங்க."

பூரணம் ஓடவில்லை. தண்ணீர்த் தொட்டிப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். குழாய்த் தண்ணீர் கோமுவின் முகத்தின்மேல் ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு மணி நேரமும் அவள் அழுதாள். சத்தம் வெளியே வரவில்லை. வந்திருந்தாலும் குழாய்ச் சத்தத்தில் கேட்டிருக்காது.

தேவசகாயம் ஒருமுறை எட்டிப் பார்த்தான். படத்தைப் பார்த்தான்.

"ஆமா" என்றான். "இந்தப் பிள்ளைதான்."

காமிராப் பக்கம் போய்விட்டான்.

*

மத்தியானம் ஆகிவிட்டது.

எஸ்தர் படத்தைத் தண்ணீரிலிருந்து எடுத்து, ஈரம் ஒற்றி, ஒரு கண்ணாடித் துண்டின்மேல் படுக்கவைத்துக் கொடுத்தாள்.

"பின்முத்தத்துல காயட்டும்."

பூரணம் கண்ணாடியை ஒரு கையில் ஏந்திக்கொண்டு கதவுவரைக்கும் வந்தாள். வெயில் வாசற்படிவரைக்கும் வந்திருந்தது. படிக்கு இந்தப் பக்கமே நின்றாள். இன்னொரு கையால் சுவரில் சாய்த்திருந்த குடையை எடுத்தாள். பல்லால் கொக்கியைத் தள்ளி விரித்தாள். படத்துக்கு மேலே பிடித்தாள்.

அப்புறம்தான் வெயிலில் இறங்கினாள்.

"குடை எதுக்கு யம்மா?"

"வெயிலு..."

"ஹைப்போ பார்த்த படம். இனி வெயில் அவளை ஒண்ணும் பண்ணாது."

பூரணம் நின்றாள். மடித்து இடுப்பில் செருகியிருந்த பழைய துண்டைக் குனிந்து பார்த்துக்கொண்டாள். அது அங்கேதான் இருந்தது. முழுசாக இருண்டுபோன துண்டு.

"நிசமா?"

எஸ்தர் தலையை ஆட்டினாள்.

குடை கொஞ்சம் சாய்ந்தது. வெயில் கண்ணாடியின் ஓரத்தில் ஏறியது. கோமுவின் தோளில் விழுந்தது. பூரணம் படத்தையே பார்த்தாள். தோள் அப்படியே இருந்தது.

குடை இன்னும் சாய்ந்தது. கன்னத்தில் விழுந்தது. குழியில் விழுந்தது. நெற்றியில் விழுந்தது.

முகம் அப்படியே இருந்தது.

பூரணம் குடையை மடக்கித் தரையில் போட்டாள். இரண்டு கையாலும் கண்ணாடியை ஏந்திக்கொண்டு முற்றத்தின் நடுவுக்கு வந்தாள். அங்கேதான் நிழலே இல்லை.

வெகு நேரம் ஆனது. அவள் தலையிலிருந்து வேர்வை வழிந்தது. படம் காய்ந்து ஓரம் சுருளத் தொடங்கியது.

திரும்பாமலே கேட்டாள்.

"எவ்வளவு நேரம் நிக்கலாம் தாயி?"

"அவ இஷ்டம்" என்றாள் எஸ்தர்.